டெல்மர் மச்சானின் கடைசி வேட்டு

இந்த வாத்து வேட்டை சீசனின் முதல் நாளன்று என் மனைவியின் அண்ணனைத் துப்பாக்கியில் போட்டுச் சுடுவது என்று தீர்மானித்தேன்.

பதறாதீர்கள். அவர் பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சாம்பலாக ஒரு செப்புக் குடுவையில், எங்கள் வீட்டில் விருந்துத் தட்டுகள் வைக்கிற கண்ணாடி அலமாரியில் இருந்தார். சுடச் சொன்னதும் அவரேதான். மின்னசோட்டாவில் எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் சிலருக்கு இப்படி ஓர் ஆசை உண்டு. சாம்பலைத் தோட்டாவில் அடைத்து, காலமெல்லாம் உட்கார்ந்திருந்த ஏரிக்கு மேலேயே வெடித்துவிட வேண்டும்.

"ஓர்வில் மாப்ளே, என்னைப் புதைச்சு மேல புல்லு வளர்த்துடாதீங்க. புல்லு வெட்டியே என் காலம் போச்சு" என்றார் டெல்மர் மச்சான், ஆஸ்பத்திரிக் கட்டிலில். "ஒரு தடவையாவது வாத்துக்குப் பக்கத்துல போய்ப் பார்க்கணும்."

நியாயமான ஆசைதான். நாற்பது வருஷம் நானும் அவரும் ஒரே நாணல் மறைவில் உட்கார்ந்து சுட்டிருக்கிறோம். அவர் குண்டு பட்டு விழுந்த வாத்துகளைவிட, அவர் குறியைப் பார்த்துச் சிரித்துத் தடுமாறி விழுந்தவைதான் அதிகம். "சரி மச்சான்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். மறுநாள் கட்டில் காலியாக இருந்தது.

சர்ச்சில் பிரார்த்தனை நடந்தபோது நான் அழவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் அழ மாட்டார்கள். வெளியே போய் வண்டி டயரைப் பார்ப்பார்கள். நானும் நாலு டயரையும் பார்த்துவிட்டு வந்து காபி குடித்தேன்.

அவர் ஆசையை வீட்டில் சொன்னபோது, என் மனைவி மார்லிஸ் கையிலிருந்த கேசரோல் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

"என் அண்ணனை வேட்டா வெடிக்கப் போறீங்களா?"

"அவரே கேட்டாரு மார்லிஸ்."

"மூணாவது பீருக்கு அப்புறம் நிலாவுல பன்னி வளர்க்கணும்னுகூடக் கேட்டாரு. வாங்கிக் குடுத்தீங்களா?"

"இது காபி மட்டும் குடிச்சுட்டுச் சொன்னது."

"நாற்பது வருஷம் அவரை நீங்க கூட்டிட்டுப் போய்க் குளிர்ல உட்கார வச்சீங்க. என்னை ஒரு நாள் கூப்பிட்டிருப்பீங்களா ரெண்டு பேரும்? இனிமே அவரு என்கூட வீட்டுல இருக்கட்டும்."

தினமும் காலையில் குடுவைக்கு முன்னால் ஒரு கோப்பை காபி வைப்பாள். "அண்ணே, இன்னைக்கு மழை" என்பாள். என்னிடம் ஒரு நாளும் முன்கூட்டி மழை என்று சொன்னதில்லை. நனைந்து வந்த பிறகு ஏன் நனைந்தீர்கள் என்று கேட்பாள்.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மச்சானை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. கொடுத்த வாக்கு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மச்சானின் தோட்டா கட்டும் சாமான்கள் எங்கள் கொட்டகையில் கிடந்தன. வீட்டு நிலவறையில் மேசை போட்டுப் பொழுதுபோக்குக்குத் தோட்டா கட்டுவதுபோல் கட்ட வேண்டியது. நடுவில் சத்தமில்லாமல் மச்சானையும் கட்டிவிட வேண்டியது.

"ஏங்க, ஒரு ஆணி அடிக்கக் கூப்பிட்டா இடுப்பு வலின்னு சொல்ற ஆளு, தோட்டா கட்டப் போறீங்களா?"

"ஏதாவது பொழுதுபோக்கு வேணும்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு? பல் டாக்டரா?"

நான் மேசையைப் போட்ட இடத்தை வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இந்தப் பக்கம் ஹீட்டர், அந்தப் பக்கம் வெடிமருந்து, நடுவுல நீங்க. அண்ணனுக்கு முன்னாடி நீங்க பறந்துடுவீங்க."

அவள் என்ன சொன்னாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மேசை எதிர்ச் சுவருக்குப் போனது. பொறி கிளம்பும் என்று கால்விரிப்பைச் சுருட்டி எறிந்தாள். நான் ஆடவிட்டிருந்த, தோட்டாவை அழுத்தி மூடும் கருவியை மேசையோடு முடுக்கினாள். தோட்டாவின் வெற்றுக்கூடு ஒரு டப்பாவில், உள்ளே போடும் பொடிக்குண்டு ஒரு டப்பாவில், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கிற அடைப்பு ஒரு டப்பாவில். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள். மருந்து டப்பா மேசைமேல் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மிச்சத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் தெரியும். மருந்து அளக்கும்போது பேசாதீங்க. பேசினா அளவு தப்பும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மார்லிஸே அமைதி கேட்டது அன்றுதான். நான் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஒரு புதன்கிழமை, அவள் சர்ச்சில் பெண்களோடு மெத்தைப் போர்வை தைக்கப் போயிருந்தாள். குடுவையை இறக்கினேன். "மச்சான், கொஞ்சம் நெருக்கமா இருக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பொடிக்குண்டுக்கு மேல் ஒவ்வொரு கரண்டியாக அவரைப் போட்டேன். அவ்வளவு பெரிய மனுஷர், சில தோட்டாக்களில் அடங்கிப்போனார். எடுத்த அளவுக்கு விறகு அடுப்புச் சாம்பலைப் போட்டுக் குடுவையை நிரப்பினேன். அடையாளத்துக்கு அந்தத் தோட்டாக்களின் அடியில் மார்லிஸின் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தேன்.

சாயங்காலம் கேட்டாள். "என் நகப்பூச்சு எங்கங்க?"

"தோட்டாவுக்கு வச்சேன். ஈரம் ஏறாதாம்."

"ஓ. பொருத்தமான கலர்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சாமர்த்தியம் எனக்குள் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சீசனின் முதல் நாள் விடியலில் வண்டியைக் கிளப்பப் போனேன். முன் இருக்கையில் மார்லிஸ். மச்சானின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் காபி பிளாஸ்க்கோடு.

"நானும் வர்றேன்."

"மறைவுல ரெண்டு பேருக்குத்தான் இடம் மார்லிஸ்."

"ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

வண்டியைக் கிளப்பினேன்.

மச்சான் உட்கார்கிற பலகையில் அவள் உட்கார்ந்தாள். ஏரி மேல் பனிப்புகை. முதல் கூட்டம் வந்தது. சிவப்புப் பொட்டுத் தோட்டாக்களைப் போட்டு, வானத்தைப் பார்த்துச் சுட்டேன். சாம்பல் மெல்லிய புகையாகப் பிரிந்து நாணல் மேல் இறங்கியது. "போயிட்டு வாங்க மச்சான்" என்று சொன்னேன். பார்க்க அங்கே டயர் இல்லை. முழங்காலில் முகத்தை வைத்து, பிப்ரவரியிலிருந்து சேர்த்துவைத்த அழுகையை எல்லாம் அழுதேன்.

மார்லிஸ் என் முதுகைத் தடவினாள். நான் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து சில தோட்டாக்களை எடுத்தாள். அடியில் ரோஸ் நிறப் பொட்டு.

"துப்பாக்கியைக் குடுங்க. அண்ணன் இதுல இருக்காரு."

"அப்போ... நான் சுட்டது?"

"நம்ம வீட்டு அடுப்புச் சாம்பல். நீங்க மேசை வேணும்னு கேட்ட அன்னைக்கே அண்ணனை மாவு டப்பாவுக்கு மாத்திட்டேன்."

அடுப்புச் சாம்பலைத் திருடிவிட்டு, அந்த இடத்தை அடுப்புச் சாம்பலால் நிரப்பியிருக்கிறேன்.

"தினமும் குடுவைக்குக் காபி வச்சியே?"

"உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுல்ல."

"தோட்டா கட்ட உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனுக்குக் கட்டிக் குடுத்தது யாருன்னு நினைச்சீங்க? கட்டத்தான் விட்டாரு, கூட்டிட்டுப் போனதில்ல. இந்த ஒரு தடவை நானே அவரைக் கூட்டிட்டு வரணும்னு தோணுச்சு."

"அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே! நான் அழுததெல்லாம் விறகுக்கட்டைக்கா?"

"அழுதீங்கல்ல, அது போதும். அண்ணனுக்கு ஒரு சொட்டுக்கூட விடலியேன்னு எட்டு மாசமா உங்களையே பார்த்துட்டிருந்தேன்."

அவள் எழுந்து நின்றாள். கோட்டின் கை அவள் விரல்வரை தொங்கியது. "அண்ணே, இன்னைக்கு மழை இல்ல" என்றாள். வாத்துகள் தலைக்கு மேலேயே வந்தன. இருந்த தோட்டாக்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டாள்.

ஒரு வாத்துகூட விழவில்லை. சந்தேகமே இல்லை, டெல்மர் மச்சான்தான்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் அழுதாள். இந்த முறை முதுகைத் தடவுவது என் வேலையாயிற்று.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியை வைக்க நிலவறைக்குப் போனேன். மேசைக்கு மேல் அலமாரியில், நான் அதுவரை கவனிக்காத இரண்டு டப்பாக்கள். ஒன்றில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தது. மார்லிஸ் எனக்குப் பின்னால் வந்து, ரோஸ் பொட்டு வைத்த வெற்றுக்கூடுகளைத் துடைத்து அதில் போட்டு மூடினாள்.

பக்கத்து டப்பா கழுவிக் காயவைத்துக் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள்.