கூறைச்சேலையும் செவன் ஹில்ஸ் மகாராணியும்

வென்ட்வேர்த்வில், சிட்னி
ஜூன் 1976

மதிப்புக்குரிய மைத்துனர் கேதீஸ்வரன் அவர்களுக்கு,

இங்கு நான் சுகம். அங்கு நீங்களும் சுகமாகவே இருப்பீர்கள். இல்லாவிட்டால் குறைசொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கும். உங்கள் தங்கை ரஞ்சினி என்னோடு கோபித்துக்கொண்டு மெல்பேர்னில் சிநேகிதி சந்திரவதனா வீட்டுக்குப் போய்விட்டாள். தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். நீங்கள் ஒரு வரி எழுதினால் திரும்பி வருவாள். உங்கள் சொல்லை அவள் தட்டியதில்லை, என் சொல்லைத் தட்டாத நாளில்லை.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவுஸ்திரேலியாவில் புவியியல் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று சொல்லி என்னை விமானம் ஏற்றியவர் நீங்கள். இங்கே என் பேராதனைப் பட்டத்தைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். ஆகவே செவன் ஹில்ஸில் ஒரு படக் கம்பனியில் சேர்ந்தேன். படம் என்றால் குடும்பத்தோடு பார்க்கிற படமல்ல. வயது வந்தவர்கள், அதுவும் தனியாக வந்தவர்கள் பார்க்கிற படம். படப்பெட்டிகளுக்குப் பெயர் வைப்பது என் வேலை. முதலாளி ரொன்னிடம் இருந்தது ஒரே நடிகை: பிளாக்டவுன் மோரீன், இரண்டு பிள்ளைகளின் தாய், காட்சிகளுக்கு இடையில் கம்பளிச் சட்டை பின்னுகிறவள். வாடிக்கையாளர்களோ கிழமைக்கொரு புதுமுகம் கேட்டார்கள். எனவே தலையில் டோப்பா மாறும், பெட்டியில் நாடு மாறும். சுவீடன் தாதி, பாரசீக இளவரசி, தாகித்தித் தீவு மீன்காரி எல்லாம் மோரீன்தான். நாடு மாற எனக்கு மூன்று வருடம் பிடித்தது, அவளுக்கு ஒரு டோப்பா போதும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பாரசீக இளவரசிக்குப் பின்னால் தென்னை நின்றது. "பாரசீகத்தில் தென்னை ஏது?" என்றேன். "மரத்தை எவனப்பா பார்க்கிறான்?" என்றான் ரொன். அடுத்த கிழமை அதே தென்னைக்கு முன்னால் 'இந்திய மகாராணி' என்று மோரீனுக்கு ஜன்னல் திரையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். படித்தவனால் பொறுக்க முடியுமா? வீட்டிலிருந்து ரஞ்சினியின் கலியாணக் கூறையை எடுத்துப் போனேன். வந்ததிலிருந்து அவள் தொடாத சேலை அது ஒன்றுதான், தேடமாட்டாள் என்று நினைத்தேன். ஆம், மணவறையில் வைத்தே "பட்டு மட்டம்" என்று நீங்கள் முகம் சுளித்த அதே கூறை. மோரீனுக்குக் கட்டத் தெரியாது. நான் காற்சட்டைக்கு மேல் துவாயைச் சுற்றிக் கொய்யகம் மடித்து வைத்துக் காட்டினேன். பாடுபட்டுக் கட்டினாள். படத்தில் அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அதோடு விட்டேனா? அந்தப் படத்துக்கு அடித்து மிஞ்சிய விளம்பரத் தாள்களின் பின்பக்கம் நல்ல வெள்ளை. எறிய மனமில்லாமல் கொண்டுவந்து குசினி அலுமாரித் தட்டுகளில் வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்தேன். மிளகாய்த்தூள் கொட்டியதென்று ரஞ்சினி ஒரு தாளைத் திருப்பிப் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதார் என்ரை கூறையோடை?"

"மோரீன். நல்ல பிள்ளை, கம்பளி பின்னுவா."

"பள்ளிக்கூடங்களுக்குப் படம் அனுப்புற கம்பனி எண்டெல்லோ சொன்னியள்? நான் அண்ணைக்கும் அப்பிடித்தானே எழுதினனான்!"

"புவியியல் சம்பந்தப்பட்டதுதான்," என்றேன்.

அவள் பெட்டியைக் கட்டினாள்.

மோரீன் கூறையைத் தோய்த்து மடித்துத் தந்துவிட்டாள். வீட்டில் இருக்கிற இரண்டு கதிரைகளில் ஒன்றில் நான், மற்றதில் கூறை. பாணும் வாழைப்பழமும் சாப்பிடுகிறேன். அந்தத் தென்னையைப் பற்றி நான் வாய் திறந்திருக்கக் கூடாது, மச்சான்.

ரஞ்சினிக்கு உடனே எழுதுங்கள். மச்சாளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு, நல்லூரில் என் பெயருக்கு ஒரு கற்பூரம்.

இப்படிக்கு,
சிறிதரன்

பி.கு.: இதை ஒட்டப் போகையில் ரஞ்சினி தொலைபேசியில் பேசினாள். "நாளைக்கு ரெயினிலை வாறன். கூறை போனால் போகட்டும். ஆனால் அண்ணைக்கு இதிலை ஒரு சொல்லுத் தெரியக்கூடாது. தெரிஞ்சுதெண்டு நான் அறிஞ்சால் அண்டைக்கே திரும்பிப் போடுவன்." ஓம் என்று சத்தியம் பண்ணிவிட்டேன். கிழிக்கத்தான் கடிதத்தைக் கையில் எடுத்தேன். ஆனால் கலியாண நாளிலிருந்து நீங்கள் பேசப்பேச வாய்மூடி இருந்தவன் நான். இனி உங்கள் தங்கையின் குடும்பம் உங்கள் வாயில் இருக்கிறது. கொஞ்சக் காலம் நீங்கள் மூடியிருந்து பாருங்கள்.