அட்டைதாரரும் உடன் ஒருவரும்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். நான் அந்த வகை. பஸ்ஸில் ஏறுமுன் "இது ருவான்வெல்லதானே போகுது?" என்று கண்டக்டரிடம் கேட்பேன். ஏறியபின் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பேன். இறங்கியபின் கடைக்காரரிடம், "இது ருவான்வெல்லதானே?" என்பேன். (பிறந்து வளர்ந்ததே அதற்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான்.) எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அது எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது என்ற பயம் எப்போதும் உண்டு.

அப்படிப்பட்ட என் கையில் ஒரு கடனட்டை வந்து சேர்ந்தது. நான் வேலை செய்யும் கார்மன்ட் தொழிற்சாலையில் என்னை சூப்பர்வைசராக உயர்த்திய மாதம், பேங்க் ஆட்கள் சாப்பாட்டு அறைக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும், கார்ட் வீட்டுக்கு வரும், முதல் வருஷம் கட்டணமே இல்லை என்றார்கள். பெயரிலேயே கடன் இருக்கிற சாமானை யாராவது ஆசையாக வாங்குவார்களா? நான் வாங்கினேன். டை கட்டிய பையன் என்னை "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டான். அதற்குப் பிறகு எப்படி வேண்டாம் என்பது?

ஒரு வருஷம் அந்தக் கார்டைப் பூட்டி வைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சூப்பர் மார்க்கெட்டில் பால்மா வாங்கி, மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டு வந்துதான் நிம்மதியாகத் தூங்குவேன். அடுத்த வருஷம் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. தொகையைப் பார்த்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் (இதுவும் பயந்தவர்களின் குணம்தான்) நிறுத்தினால் என்ன போகும் என்று பார்த்துவிட்டு நிறுத்தலாமே என்று அதோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன்.

கொழும்பு ஹோட்டலில் ஒருவர் சாப்பிட்டால் இன்னொருவருக்கு இலவசம். நான் கொழும்புக்குப் போனதே வைத்தியத்துக்காகத்தான். கோல்ப் விளையாடினால் கட்டணத்தில் பாதி. மாமியாரை அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வாழ்நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டின கை, நன்றாகத்தான் வீசும். ஒரு வருஷமாகப் பால்மா வாங்கிச் சேர்ந்த பாயின்ட்டுகளுக்கு, பேங்க் பெயர் போட்ட ஒரு குடை கிடைக்கும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. இரண்டு சோபா. நடுவில் மஞ்சள் விளக்கு. ஒரு சோபாவில் ஒரு ஆண், மற்றதில் ஒரு பெண். கையில் கோப்பை. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் வேறு ஒருவருமே இல்லை. கீழே எழுதியிருந்தது: "விமான நிலைய ஓய்வறையை அட்டைதாரரும் உடன் ஒருவரும் வருடத்தில் இருமுறை இலவசமாகப் பயன்படுத்தலாம்."

அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அடுப்பில் பருப்பு கருகிப்போயிற்று.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் செல்வம் கட்டாரில் ஏசி திருத்தும் வேலையில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் லீவில் வருவார். அந்த ஒரு மாதத்தில் கல்யாணம், கருமாதி, கோயில், கூரைக்குத் தகரம் என்று எல்லாரும் அவரைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் இருக்கிற எங்கள் லயத்தில், முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவிலிருந்து "நூறு ஆயுசு" என்று குரல் வரும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருப்பார். புரளும் சத்தம்கூடக் கேட்கும். போனில் பேசலாம் என்றால், அங்கே அவருக்கும் அறை முழுக்க ஆட்கள். "சாப்டீங்களா?", "ம்", "நீ?", "ம்". எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி "ம்"மில்தான் நடந்திருக்கிறது.

என்னிடம் அவருக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது. மறுபடி கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடாதீங்க, வந்துருங்க. அவ்வளவுதான். ஆனால் மாமியாரின் காதுக்கு எட்டுகிற இடத்தில் அதை எப்படிச் சொல்வது? புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, சுவர் பாதியில் நிற்கிறது. மருமகள்காரி பிள்ளையின் சம்பாத்தியத்தைக் கெடுக்கிறாள் என்று ஆகிவிடாதா? அதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரமும், யாரும் இல்லாத ஒரு இடமும் வேண்டியிருந்தது. அந்த இடத்தைத்தான் அந்தப் புத்தகத்தில் போட்டோ பிடித்துப் போட்டிருந்தார்கள்.

உடனே பேங்குக்குப் போன் போட்டேன்.

"மிஸ், அந்த ஏயாப்போட் லவுஞ்ச்ல சாப்பாட்டுக்குத் தனியா காசு எடுப்பாங்களா?"

"இல்லை மேடம், எல்லாமே இலவசம்."

"பொறகு பில்லுல போட மாட்டாங்களே?"

"இல்லை மேடம்."

"கட்டிட்டுப் போற சோத்த உள்ள வச்சு சாப்பிடலாமா?"

"அங்கேயே உணவு இருக்கும் மேடம்."

"காரமா இருக்குமா மிஸ்?"

"அது... தெரியவில்லை மேடம்."

"கூட வாறவரு என் வீட்டுக்காரர்தான். வெளிநாட்டுல வேல செய்றவரு. அது பரவாயில்லையா?"

"தாராளமாக மேடம். நீங்களும் அவரும் போகலாம்."

சாரி உடுத்தலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா, எவ்வளவு நேரம் இருக்க விடுவார்கள் என்றெல்லாம்கூடக் கேட்டேன். பாவம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். விமானத்தில் போகாதவள் அங்கே போகலாமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வழியனுப்ப வந்தவர்கள் உட்காருவதற்குத்தானே இடம் கட்டியிருப்பார்கள்? போகிறவர்தான் எப்படியும் போய்விடுகிறாரே, அவருக்கு எதற்கு சோபா?

கட்டணத்தைக் கட்டினேன். அந்த வருஷம் நான் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான்.

அவர் லீவில் வந்தார். ஒரு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. கூரையில் ஏறினார், இறங்கினார். பந்திக்குப் போனார், வந்தார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். "என்னா சுமதி, ஒரு மாதிரியா இருக்க?" என்றார் ஒருநாள். "ஒண்ணுமில்லங்க" என்றேன். எனக்குத்தான் லவுஞ்ச் இருக்கிறதே!

புறப்படுகிற நாள் கல்யாணச் சாரியை உடுத்தினேன். மாமியார் மேலும் கீழும் பார்த்தார்.

"அனுப்பி வைக்கப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமாடி?"

"சும்மாதான் அத்தை."

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் ஒரு வேன் நிறைய ஆட்கள் கூடப் போவது வழக்கம். மாமியார், என் மகள், கொழுந்தன் ரவி, பக்கத்துக் காம்பரா ஆட்கள், வேன் ஓட்டும் நிமல் அய்யா. (சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்.) கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எல்லாரையும் நேரத்தோடு கிளப்பிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் சோற்றுப் பார்சல் ஒரு பையில். எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக இன்னொரு பையில், கூடுதல் காரத்தோடு.

கதவுக்குக் கிட்டே போனதும் திரும்பி நின்று, சூப்பர்வைசர் குரலில் அறிவித்தேன்: "நீங்கள்லாம் இங்கயே இருங்க. நாங்க ரெண்டு பேரும் உள்ள போயி கொஞ்ச நேரம் இருக்கப் போறோம்."

"ஒன்னைய எப்படிடி விடுவாங்க?" என்றார் மாமியார்.

"எங்கிட்ட கார்ட் இருக்கு அத்தை."

ரவி விசில் அடித்தான். செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு என் பின்னால் வந்தார். அந்தச் சில அடி தூரம் நான் நடந்த நடை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

காவலாளி அவருடைய பாஸ்போட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் கார்டை வைத்தேன். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். என் மூஞ்சியைப் பார்த்தார்.

"நங்கி, மேக்கென் யன்ன பே" என்றார் மெதுவாக. தங்கச்சி, இதை வைத்துக்கொண்டு போக முடியாது.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். லவுஞ்ச் என்றேன். இலவசம் என்றேன். வருஷப் பணம் கட்டியிருக்கிறேன், போன் போட்டு எல்லாம் கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் தன் மேலதிகாரியான பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் தன் சொந்தப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். லவுஞ்ச் இருப்பது பாஸ்போட்டில் முத்திரை குத்துகிற இடத்துக்கும் அப்பால், விமானத்தில் போகிறவர்கள் மட்டும்தான் அங்கே போகலாம் என்று.

"சரி, அப்ப இவரு போகட்டும்" என்று கார்டை என் வீட்டுக்காரர் கையில் திணித்தேன்.

பெரியவர் முடியாது என்று தலையை ஆட்டினார். கார்டில் என் பெயர் இருக்கிறது. கார்ட்காரி இல்லாமல் உடன் வருகிறவர் போக முடியாது.

ஆக, கார்ட் இருக்கிறவளுக்கு டிக்கட் இல்லை. டிக்கட் இருக்கிறவருக்குக் கார்ட் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக்கினால்தான் அந்த சோபாவில் உட்காரலாம்.

பின்னால் பெட்டிகளோடு பெரிய வரிசை நின்றது. வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "அக்கா, அது என்னா கார்ட்? நாங்களும் எடுக்கணுமா?" என்று பதறிப்போய்க் கேட்டாள். நான் அவர் கையிலிருந்த கார்டைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தேன்.

ஓரமாக வந்தோம். மொத்த வேனும் எங்களைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு அழுகை. மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் "என்னாத்துக்கு லவுஞ்ச்?" என்று கேட்க அவர் திரும்பும்போதெல்லாம் யாராவது அவரைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். நேரத்தோடு வந்ததெல்லாம் அப்படியே கரைந்தது. அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடப்போகிறது.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. கார்மன்ட் மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல். முழுசாக வெளியே வந்தது.

"என்னங்க! இந்தத் தடவ முடிஞ்சா மறுபடி கையெழுத்துப் போடாதீங்க! வீட்டுக்கு வந்துருங்க! நமக்கு வீடெல்லாம் வேணாம்!"

அந்த இடமே ஒரு கணம் நின்றது. தள்ளுவண்டிகள்கூட நின்றன. அவர் திரும்பிப் பார்த்தார். கதவு மூடிக்கொண்டது.

"அண்ணி, வீட்டுக்கு வரச் சொல்றீங்க, வீடும் வேணாங்குறீங்க" என்றான் ரவி. "மனுசன் எங்கதான் போவான்?"

நான் மாமியார் பக்கம் திரும்பவே பயந்தேன். ஒரு மாதமாக, ஏன், வருஷக்கணக்காக நான் யாருக்குப் பயந்து வாயை மூடினேனோ, அவர் காது குளிரக் கத்தியாகிவிட்டது. அவர் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

"இத வீட்டுலயே சொல்லித் தொலச்சிருக்கலாமேடி. நீதான் புது வீடு கேக்குறேன்னு நெனச்சு நான் வாயப் பொத்திக்கிட்டு கெடக்கேன். எனக்கு மட்டும் அவன் வேணாமா?"

காரப் பார்சல் இரண்டையும் நானும் மாமியாரும்தான் அங்கேயே நின்றுகொண்டு சாப்பிட்டோம். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரம் ஒரு நல்ல சாக்கு.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் போன் பண்ணினார்.

"சுமதி, ஒன்னோட லவுஞ்ச் வாசல்லதான் நிக்கிறேன்."

"எப்படிங்க இருக்கு?"

"கண்ணாடிக் கதவுதான். உள்ள தெரியுது. சோபா நல்லாத்தான் இருக்கு. பூராக் காலி. ஏசிதான் சரியில்ல. வாசல்லயே தண்ணி ஒழுகுது" என்றார்.

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"கேக்காமலா? பாஸ்போட் பாக்குறவன் என்னா சொன்னாங்கன்னு எங்கிட்டயே கேட்டான்."

"என்னா சொன்னீங்க?"

"பொண்டாட்டி வீட்டுக்கு வரச் சொல்றான்னேன்."

"வாறீங்களா?"

"ம்" என்றார். இத்தனை வருஷமாகக் கேட்ட "ம்"களில் அது எந்த வகை "ம்" என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குள் விமானத்துக்கு ஏறச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த கட்டணம் கட்டச் சொல்லி வந்ததும் கார்டை நிறுத்தப் போன் போட்டேன். காரணம் கேட்டார்கள். "லவுஞ்ச் சரியில்ல மிஸ்" என்றேன். என்ன குறை என்று கேட்டாள். "உள்ள ஏசி ஒழுகுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வேறு எதைச் சொல்வது? பாயின்ட்டுக்குக் குடை வந்தது. முதல் மழையிலேயே கம்பி வளைந்தது.

அவரும் கையெழுத்துப் போடாமல் இல்லை. புது வீட்டுக்குக் கூரை மட்டும் ஏறட்டும், இந்த ஒரு தடவைதான் என்றார். எங்கள் பக்கத்து மழைக்குக் கூரையில்லாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். சரி என்றேன்.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. போன லீவு முடிந்து அவரைக் கொண்டுபோய் விட்டபோது, கார் நிறுத்துகிற இடத்தில் வேன் நின்றதும் மாமியார் எழுந்து, "எல்லாரும் எறங்குங்க, லவுஞ்ச் தொறந்தாச்சு" என்றார். நிமல் அய்யா ஏசியைப் போட்டுவிட்டுத் தானும் இறங்கிக்கொண்டார். வெயிலில் எல்லாரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். போனை மறந்துவிட்டேன் என்று ரவி கதவைத் தொட்டபோது மாமியார், "டிக்கட் இருக்காடா?" என்று அவன் கையைத் தட்டிவிட்டது உள்ளேயே கேட்டது. இப்போதெல்லாம் லயத்தில் எந்தப் புருஷன் பெண்சாதி கொஞ்ச நேரம் தனியாகப் பேசினாலும், "லவுஞ்சுல இருக்காங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைத்தது. நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவர் என் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போனார். எழுப்ப எனக்கு மனமில்லை. வெளியே நின்றவர்களுக்கும் கதவைத் தட்ட மனமில்லை. கடைசியில் நிமல் அய்யாதான் மணியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். செல்வம் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினார்.

விமானம் போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டு நிற்கிறவள் நான். அன்றைக்கு மட்டும், ஓடிப்போய்ப் பிடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

பிடித்துவிட்டார்.