டாஷ்போர்டுக்குள் மாட்டிக்கொண்ட அப்பாவின் குரல்

மரியாதைக்கும் பாசத்துக்கும் ஒருசேர உரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் பயந்துகொண்டே எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கார் நலமில்லை. நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் உங்கள் கடை போர்டு தெரிகிறது. நேற்று சாயங்காலம் நீங்கள் ஏணியில் ஏறி அதைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஏணியில் ஏறும் அளவுக்கு நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். மூன்று வாரமாக எங்கள் வீட்டிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை. நேரில் வரலாமென்றால் அப்பா என்னை உங்கள் தெருப்பக்கம் பால் வாங்க மட்டும்தான் விடுகிறார், அதுவும் எண்ணிப் பத்து நிமிடம். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, துணி துவைக்கும் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மிஷின்மேல் சாய்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். நடுவில் நின்றுபோயிருந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

கார் ஸ்டீரியோ மாட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் சொந்தத் தம்பியை விட்டுவிட்டு அப்பா வேறு கடையில் செட் வாங்கியது தப்பு. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடை வாசல் வழியாகவே நடந்து வந்தது அதைவிடப் பெரிய தப்பு. அம்மா அன்றைக்கே கேட்டாள். "ஏங்க, சுத்திக்கிட்டு வந்திருக்கக் கூடாதா? அந்தத் தெருதான் கெடச்சுதா உங்களுக்கு?" "நான் என்ன திருடிட்டா வரேன், ஒளிஞ்சு ஒளிஞ்சு வர? அவன்கிட்ட குடுத்தா சும்மாவே செஞ்சு குடுப்பான். அப்புறம் வருஷம் முழுக்க, 'என்னண்ணா, செட்டு எப்படிப் பாடுது'ன்னு கேட்டே உசிர எடுப்பான்." சித்தப்பா, நீங்கள் கேட்பீர்கள்தான். ஃபிரிட்ஜ் ஒயரை மாற்றிக் கொடுத்ததை நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அது போகட்டும்.

இந்தச் செட்டே அப்பாவின் பெரிய அதிகாரிக்காக வாங்கியது. ஃபைல்கள் அடுக்கும் ஆபீஸ் பதிவறையில் அப்பா பதினோரு வருடமாக இரண்டாவது நாற்காலியில் இருக்கிறார். முதல் நாற்காலிக்காரர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்று நாளைக்கு அதிகாரி கையெழுத்துப் போடவேண்டும். அதிகாரியின் ஆபீஸ் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடப்பதால், நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிப்போவது நம் கார். அவர் ஒருமுறை, வண்டியில் நல்ல பழைய பாட்டு கேட்டால் நெரிசலே தெரியாது என்று சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னார். அப்பா அன்றைக்கே கிளம்பிப் போய் நாலு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வைக்க ஒரு வூஃபர், முன்னால் திரை வைத்த செட் எல்லாம் வாங்கிவிட்டார்.

மாட்டியதும் அப்பாவேதான். கதவின் உள்பலகையைக் கழற்ற நீங்கள் ஏதோ தட்டையான பிளாஸ்டிக் துண்டை விட்டு நெம்புவீர்கள், கையோடு வந்துவிடும். அப்பா அம்மாவின் தட்டைக் கரண்டியை எடுத்துக்கொண்டார். பலகை வந்தது, கரண்டி திரும்பி வரவில்லை. அது இன்னும் கதவுக்குள் இருக்கிறது, திருப்பங்களில் சத்தம் கேட்கும். கழற்றிய இரண்டு பலகைகளும் இரண்டு நாள் எங்கள் சோபாவில் இருந்தன. "ஏங்க, கதவு ரெண்டும் நேத்திலேர்ந்து சோபாவுல உக்காந்திருக்கே, அதுங்களுக்கும் சேத்துக் காப்பி போடணுமா?" என்று அம்மா கேட்டாள். அப்பா நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, எது கைக்கு வந்தாலும் அப்பா பதிவு எண் போட்டுவிடுவார். ஒவ்வொரு திருகாணியையும் ஒரு கவரில் போட்டு, கவரின்மேல் எண், தேதி, எடுக்கப்பட்ட இடம், சுருக்கக் கையெழுத்து. காரிலிருந்து அறுத்த ஒயர்களுக்கு அறுத்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. புதுச் செட்டின் ஒயர்களுக்கு, பெட்டியிலிருந்து எடுத்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு இந்த ஒன்றை அந்த ஒன்றோடும், இந்த இரண்டை அந்த இரண்டோடும் சேர்த்து முறுக்கிவிட்டார். "அப்பா, கலர் பாத்துதானே சேக்கணும்?" என்று கேட்டேன். "கலர் வெளுத்துப் போகும்மா. நம்பர் வெளுக்காது" என்றார்.

நீங்கள் இப்போது தலையில் கை வைத்திருப்பீர்கள், எடுத்துவிடுங்கள், இன்னும் இருக்கிறது. இடது பக்க இன்டிகேட்டர் போட்டால் இடது பக்க ஸ்பீக்கர்கள் விட்டு விட்டுப் பாடுகின்றன. முன்விளக்கைப் போட்டால் சத்தம் இரண்டு மடங்காகிறது. ஹாரன் அடித்தால் வூஃபர் மட்டும் ஒருமுறை உறுமுகிறது. முன்னால் போகிறவர்கள் என்னமோ ஏதோ என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அதனால் அப்பாவுக்கு அது பிடித்திருக்கிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கறுப்பாகவே இருக்கிறது. தொட்டால் எதுவும் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் செட் பாடும், சாவியை எடுத்தால் நிற்கும், மறுபடி திருப்பினால் விட்ட இடத்திலிருந்து பாடும். நடுவில் அதை நிறுத்த யாராலும் முடியாது. "நல்லதாப் போச்சு, டிரைவர் கவனம் செதறாது" என்கிறார் அப்பா.

இப்போதுதான் என் விஷயம் வருகிறது. ஸ்பீக்கர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அப்பாவுக்கு ஒரு சோதனைப் பதிவு வேண்டியிருந்தது. "இது முன்புற இடது ஒலிபெருக்கி. இது முன்புற வலது ஒலிபெருக்கி" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, என்னை அம்மாவின் போனில் நிதானமாகப் படித்துப் பதிவு செய்யச் சொன்னார். மூன்று நிமிடம் படித்தேன். போனை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். நிறுத்த மறந்துவிட்டேன். பதினாலு நிமிடம் ஃபேன் சத்தம். அதற்குப் பிறகு, சித்தப்பா, அந்த அறையில் அப்பாவின் குரல்.

அம்மாவின் போனில் பிறகு முழுதும் போட்டுக் கேட்டேன். அதிகாரியைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். "அந்த எச்சில் முத்திரை இருக்காரே, ஒரு ஃபைலைப் படிச்சு முடிச்சா அது துணி மாதிரி நனைஞ்சு திரும்பி வருது. நாங்க அதைக் கொடியில காயப்போட்டு அப்புறம் அலமாரியில வைக்கிறோம். போன வாரம் ஒரு ஃபைலைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டே கால் மணி நேரம் தலையாட்டினார். கடைசில 'தெளிவா எழுதியிருக்கீங்க'ன்னு என்னைப் பாராட்டினார்." அதன் பிறகு அதிகாரி விரலை நாக்கில் வைக்கும் சத்தத்தைக் குரலில் செய்து காட்டுவதும் இருக்கிறது. நாலு ஸ்பீக்கரிலும் அது எப்படிக் கேட்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இது எனக்குத் தெரிவதற்குள் அப்பா அந்தப் பதிவையும், அதற்குப் பின்னால் இருநூறு பழைய பாட்டையும் பென்டிரைவில் ஏற்றச் சொல்லித் தலைமாட்டிலேயே நின்றார். ஏற்றிக் கொடுத்தேன். மற்றவர்கள் என்றால் அதைச் செட்டின் முகப்பில் செருகுவார்கள். அப்பா, ஆவணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தொலைந்துபோகும் என்று, செட்டின் பின்பக்க ஒயரில் செருகி, டாஷ்போர்டுக்குள் தள்ளி, எட்டுத் திருகாணி போட்டு மூடிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் பீரோவில். பீரோ சாவி அப்பாவின் தலையணைக்குக் கீழே. தலையணைமேல் அப்பா.

ஷெட்டில் வைத்து நாலு நிமிடம் ஓட்டிப் பார்த்தார், என் இடது வலது முடிந்து ஃபேன் சத்தம் தொடங்கியது. இன்று சாயங்காலம் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியதில் ஒன்பது நிமிடம். "என்னங்க, பாட்டையே காணோம்?" என்றாள் அம்மா. "ஒசத்தி செட்டுல அப்படித்தான். பாட்டு வர்றதுக்கு முன்னாடி அமைதி குடுப்பான்." "இந்த அமைதியை வீட்டுலயே கேட்டிருக்கலாமே. காசு குடுத்தா வாங்கணும்?" நான் பின் சீட்டில் விரல்விட்டு நிமிடத்தை எண்ணிக்கொண்டு வந்தேன்.

கணக்கில் எனக்கு எப்போதும் தடுமாற்றம், ஆனால் இந்தக் கணக்கு தப்பாது. மொத்தம் பதினேழில் பதின்மூன்று போய்விட்டது. மீதி நாலு. நாளை எங்கள் வீட்டிலிருந்து அதிகாரி வீட்டுக்கு மூன்று நிமிடம். அவர் படியிறங்கி வர ஒரு நிமிடம். ஏசி குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்று அப்பா வண்டியை அணைக்கமாட்டார். அதிகாரி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, "புது செட்டா?" என்று கேட்பார். "ஆமா சார்" என்பார் அப்பா. உடனே "அந்த எச்சில் முத்திரை இருக்காரே" என்று நாலு மூலையிலிருந்தும் கேட்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. சாவியைத் திருப்பி மீதியை ஷெட்டிலேயே ஓடவிட்டால், சத்தத்தைக் குறைக்க வழியில்லாமல் தெருவுக்கே கேட்டுவிடும். இன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்து, செட்டுக்கான ஃபியூஸ் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கினேன். அம்மா கூப்பிட்ட அவசரத்தில் ஏதோ ஒரு ஓட்டையில் திருப்பிச் செருகினேன். செட் அப்படியே வேலை செய்கிறது. வைப்பர்தான், வண்டியைக் கிளப்பினால் தானாக ஆட ஆரம்பிக்கிறது. "மழையா பெய்யுது?" என்றாள் அம்மா. "மழை வந்தா தயாரா இருக்கும்ல" என்றார் அப்பா. அவருக்கு எது நடந்தாலும் அதில் ஒரு வசதி தெரிகிறது. நாளைக்கும் தெரியுமா என்பதுதான் என் பயம். அப்பாவிடமே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது இதை உங்கள் ஷட்டருக்குக் கீழே தள்ளிவிடுவேன். ஏழு மணிக்குக் கடை திறந்ததும் படித்துவிட்டு, எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். ஏழேமுக்காலிலிருந்து எட்டுவரை அப்பா குளிப்பார், வண்டிச் சாவி ஆணியில் தொங்கும். உங்களுக்கு டாஷ்போர்டைத் திறக்க ஐந்து நிமிடம் போதும் என்று எனக்குத் தெரியும். என்ன வந்திருக்கிறாய் என்று அப்பா கேட்டால், ஒயர் கருகும் வாசனை உங்கள் கடைவரைக்கும் வந்தது என்று சொல்லுங்கள். நம்பிவிடுவார்.

கோபத்தில் வராமல் இருந்துவிடாதீர்கள். அந்தப் பதிவில் கடைசியில் உங்களைப் பற்றியும் அப்பா பேசியிருக்கிறார். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். "என் தம்பி ஒயரைத் தொட்டாலே போதும், எங்க போகுதுன்னு சொல்லிடுவான். அவனை வாடான்னு ஒரு வார்த்தை கூப்பிட எனக்கு வாய் வரமாட்டேங்குது." இவ்வளவுதான். பிறகு ஒரு பெருமூச்சு, அதோடு பதிவு முடிந்துவிடுகிறது.

சித்திக்கு என் அன்பு. உங்கள் கடையில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகப் பாடட்டும், எங்கள் காரில் நாலும் நாளைக்கு மட்டும் பாடாமலிருக்கட்டும். உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன், கடிதத்தில்தான், நேரில் வந்தால் நிஜமாகவே தொடுவேன்.

இப்படிக்கு,
தூக்கம் வராத உங்கள் அண்ணன் மகள்

பி.கு: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மேலே எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் உண்மையில்லை. ஆனால் மற்ற எல்லாம் அந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது. அந்தக் குரல் அப்பாவுடையது இல்லை. என்னுடையது. அப்போது அப்பா திருகாணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று அப்பா மாதிரிப் பேசிப் பார்த்தேன். எனக்கு அது நன்றாக வரும். போன மாதம் குளியலறைக்குள்ளிருந்து அப்பா குரலில் "காப்பி" என்றேன், அம்மா காப்பியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு "ஆறிடும், சீக்கிரம் வாங்க" என்றாள். நாளைக்குக் காரில் அதை அப்பாவே கேட்டால்கூட, இதை எப்போது பேசினோம் என்று யோசிப்பாரே தவிர, தான் பேசவில்லை என்று நினைக்கமாட்டார். அதிகாரியைக் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு வாயே திறக்காத அப்பாவின் நாற்காலி என் வாயால் போகும். அதனால்தான் அவரிடம் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் உங்களைப் பற்றிச் சொன்னதும் நான்தான். அதை நம்பி நீங்கள் சட்டை போட்டுக் கிளம்பியிருந்தால், என்மேல் வரும் கோபம் நியாயம். ஆனால் சித்தப்பா, எனக்கு ஒரு குறை உண்டு. அப்பா வாயால் சொல்லி நான் காதால் கேட்டதைத்தான் அந்தக் குரலில் பேச வரும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் உடனே என் கீச்சுக்குரல் வந்துவிடும். உங்களைப் பற்றிய வரியில் கீச்சுக்குரல் ஒரு இடத்திலும் வரவில்லை.

அதிகாரியைப் பற்றிய வரிகளிலும் வரவில்லை. அதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.