மலை ரயிலில் மாப்பிள்ளை

நான்காவது தடவையும் மாப்பிள்ளை இறங்கவில்லை.

முத்துநாயகம் கரும்புச்சாறுக் கடையின் தட்டிக்குப் பின்னால், தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எதிரே மலை ரயிலின் பெட்டிகள் வந்து நின்றன. நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மாப்பிள்ளை ரசலையன் ஒரு காலை வெளியே வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, டிக்கெட் கூண்டுப் பக்கம் கையை நீட்டி இன்னொரு டிக்கெட் வாங்கிவிட்டான்.

"இவன் சரியில்ல" என்றார் முத்துநாயகம், கேட்க ஆளில்லாமலே.

நாகர்கோவிலுக்கு ரயிலே வராத காலம் அது. உண்மை ரயிலுக்கு முன்னால் பொருட்காட்சிக்கு மலை ரயில் வந்துவிட்டது. மரத்தால் கட்டிய மூன்று மேடுகள். சங்கிலி பெட்டிகளை உச்சிவரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அங்கிருந்து அவை தம் பாட்டுக்குக் கீழே சாடும். அந்த நேரத்தில் ஏறினவர்கள் அவரவர் தெய்வத்தைக் கூப்பிடுவார்கள்.

முத்துநாயகம் குழித்துறையில் கொப்பரை வியாபாரி. முப்பது வருஷமாக மூட்டையின் மேல்பக்கத்தை நம்பாதவர். முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துத்தான் விலை பேசுவார். கொப்பரைக்கு அது சரி. மகள் லீலாபாய்க்கு வந்த மாப்பிள்ளைகளையும் அப்படியே பார்த்ததுதான் வினை. முதலில் வந்தவன் இரண்டு தடவை இருமினான்; சீக்காளி என்று தட்டிக்கழித்தார். இரண்டாவது வந்தவன் இருமவே இல்லை. அடக்கிக்கொள்கிறான் என்று அவனையும் அனுப்பிவைத்தார். லீலாபாய்க்கு இருபத்தாறு வயது முடிந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவன் ரசலையன். நாகர்கோவிலில் கணக்கு வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று அரை மணி நேரமும் குனிந்த தலை நிமிராமல் இருந்தான். லீலாபாய் அம்மாவிடம் வாய்விட்டே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபை முன்னால் வாசித்துவிட்டால் அதன் பிறகு பின்வாங்கினால் மானக்கேடு. மூட்டையின் அடியைப் பார்க்க இன்று ஒரு நாள்தான் இருந்தது.

காலையில் அவர் புறப்படும்போது மனைவி ஜெயபாய் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"லீலாக்க அப்பா, எங்க போறிய?"

"நாகர்கோவில்ல கொப்பரை வெல கேட்டுட்டு வாறேன்."

"கேட்டியளா, இந்தச் சம்பந்தத்தையும் கெடுத்திய, நான் பிள்ளையக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்."

"நான் என்னத்துக்குக் கெடுக்கேன்?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் காத்து நின்றார். பத்து மணிக்கு ரசலையன் வெளியே வந்தான். இவர் பின்னாலேயே நடந்தார். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இவர் துண்டை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டார். அதன் பிறகு அவன் நாலு தடவை திரும்பிப் பார்த்தான்.

நல்லவன் எதற்குத் திரும்பிப் பார்க்கிறான்? நியாயமான கேள்விதானே.

பொருட்காட்சி வாசலில் முக்காடு மட்டும் போதாது என்று பட்டது. ஒரு கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டினார். மாட்டியதும் பட்டப்பகல் அந்திக்கருக்கல் ஆகிவிட்டது. ஒரு அம்மாளின் காலை மிதித்தார், பந்தல் காலில் முட்டிக்கொண்டார். தூரத்திலிருந்து ஆள் தெரியாததால் நாலு முழ தூரத்தில் ஒட்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. ரசலையன் எட்டிப் போட்ட நடையை ஓட்டமாக்கி மலை ரயிலுக்குள் புகுந்தவன்தான். நாலு தடவை ஆயிற்று, இன்னும் இறங்கவில்லை.

உள்ளே யாரையோ பார்க்கத்தான் சுற்றுகிறான் என்று முத்துநாயகம் முடிவுகட்டினார். தானும் ஒரு டிக்கெட் வாங்கி, பெட்டி நகர்கிற நேரம் பார்த்து அவனுக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டார்.

சங்கிலி கடகடவென்று இழுத்தது. உச்சியில் பெட்டி ஒரு கணம் தயங்கி நின்றது. ரசலையன் திரும்பினான். ஒரு முழ தூரத்தில் முக்காட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்தான். பெட்டி சாடியது. முத்துநாயகத்தின் குடல் உச்சியிலேயே நின்றுவிட்டது, மற்றதெல்லாம் கீழே போயிற்று. காதில் காற்று இரைகிற இரைச்சலில், மாப்பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நேசபாய்..."

கீழே வந்ததும் முத்துநாயகம் தவழாத குறையாக இறங்கினார். மாப்பிள்ளை இறங்கவில்லை, ஆறாவது டிக்கெட்டுக்குக் கை நீட்டினான். டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பெண்பிள்ளையின் வளைக்கரம் டிக்கெட்டைக் கொடுத்தது. முத்துநாயகம் கூண்டுக்கு முன்னால் போய் நின்று, குரலை மாற்றிக் கரகரவென்று கேட்டார்.

"உனக்க பேரு என்ன?"

"நேசபாய். என்னத்துக்கு?"

அவருக்குக் காலடியில் பூமி போய்விட்டது. எந்தச் சபையிலும் நேசபாய் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை.

பெற்ற வயிறு எரிய ஏழாவது ஆட்டத்துக்கு மறுபடியும் ஏறினார். உச்சிக்குப் போகிற வழியில், முன்னால் குனிந்து மாப்பிள்ளையின் காதுக்குள் அதே கரகரத்த குரலில் சொன்னார். "லீலாபாய ஏமாத்தலாம்னு பாக்காத. நான் கண்ணு வச்சிட்டுத்தான் இருக்கேன்."

ரசலையன் கல்லாகிப்போனான். பெட்டி சாடியது. முக்காடு ஒரு பக்கம் பறந்தது, கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, காலையில் தின்ற ஆப்பமும் எந்தப் பக்கமோ போயிற்று.

கரும்புச்சாறுக் கடைக்குப் பின்னால் மண்ணில் மல்லாந்து கிடந்தபடிதான் மிச்சத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை குடுகுடுவென்று கூண்டுக்கு ஓடினான். ஏதோ ஒரு சீட்டு எழுதினான். நேசபாயிடம் கொடுத்துவிட்டு வெளிவாசலைப் பார்த்து ஓடியே போய்விட்டான்.

காதல் கடிதம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எழுந்து நிற்கவே அரை மணி நேரம் ஆயிற்று. வேட்டியைத் தட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே நாற்பது வயது தாண்டிய ஒரு அம்மாள், நரைத்த முடியைக் கோதி முடிந்துகொண்டிருந்தாள்.

"அந்த வாத்தியாருக்கும் உனக்கும் என்ன?"

"எனக்க மூணாமத்த பயலுக்குக் கணக்கு வாத்தியாராக்கும். ஏன் அண்ணாச்சி?"

"மேல நின்னு உனக்க பேரச் சொல்லிக் கூப்பிட்டானே. எனக்க காதால கேட்டேன்."

நேசபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏசப்பான்னுல்லா கூப்பிட்டாவ. ஒவ்வொரு மட்டம் சாடும்போதும் ஏசப்பா, ஏசப்பான்னு ஒரே ஜெபம். நான் இங்க இருந்து கேட்டுட்டுல்லா இருக்கேன்."

"ஏசப்பாவா?"

"பின்னே?"

"அப்ப அந்தச் சீட்டு?"

"அது போதகர் ஐயாவுக்கு. எனக்க வீட்டுக்காரரு அப்பமே சைக்கிள்ல கொண்டு போயிட்டாரு."

முத்துநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. குடி இல்லை, பெண்பிள்ளை சகவாசம் இல்லை, ஆபத்தில் ஜெபம் இருக்கிறது, அவசரத்துக்குப் போதகர் இருக்கிறார். முப்பது வருஷ வியாபாரத்தில் அடிவரைக்கும் சுத்தமான மூட்டை இது ஒன்றுதான். ஜெயபாய் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம். நாளைக்கு முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஓலை வாசிப்பதைக் கேட்க வேண்டும். லீலாபாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். சந்தோஷத்தில் ஒரு கரும்புச்சாறு வாங்கி நேசபாய்க்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பழக்க தோஷம், கடைசியாக ஒன்று கேட்டார்.

"அவ்வளவு பயந்தவன் என்னத்துக்கு ஏழு மட்டம் ஏறணும்?"

நேசபாய் கரும்புச்சாற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எறங்குனா அடி விழுமேன்னுதான் அண்ணாச்சி. அவுகளுக்குப் பேசி வச்ச பொண்ணுக்குப் பழைய கூட்டுக்காரன் ஒருத்தன், முக்காடும் கறுப்புக் கண்ணாடியுமா காலத்தேருந்து பின்னாலயே வந்து, லீலாபாயத் தொட்டா பாத்துக்கோன்னு பெட்டிக்குள்ள ஏறியே மெரட்டிட்டானாம். அதான் அந்தப் பொண்ணே வேண்டாம், நாளைக்கு ஓலை வாசிக்கண்டாம்னு போதகர் ஐயாவுக்கு எழுதிக் குடுத்துட்டு ஓடிட்டாவ."