குங்கிலியம் பூசிய கார்

கார் திருத்தும் வேலையில் ஏதாவது தெரிந்தவர்கள் தங்கள் காரைக் கராஜில் கொண்டுபோய் விடுவார்கள். ஒன்றும் தெரியாதவர்கள்தான் தாங்களே திருத்துவார்கள். என் காரை எப்போதும் நானே திருத்தினேன்.

அப்போது வெள்ளைக்காரன் காலம். மன்னாரில் ஒரு கந்தோரில் நான் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன காரை வாங்கியிருந்தேன். (துரை ஏன் அவ்வளவு சந்தோசமாகக் கப்பலேறினார் என்பது பிறகுதான் விளங்கியது.) வாங்கியதோடு என் கை வெறுங்கையாகிவிட்டதால், அதில் எது கழன்றாலும் நானே பூட்டினேன். பூட்டி முடிந்ததும் எப்படியோ மிஞ்சிவிடுகிற ஆணிகளை ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தேன்.

என் தங்கை பிலோமினாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் தகப்பன் வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை நடத்துகிற சம்மாட்டியார். பொம்பிளை காரில்தான் வருவாள் என்று அவரிடம் நானாகவே போய்ச் சொல்லியிருந்தேன். கலியாணப் பூசை செவ்வாய் காலை. மறுநாள் நெற்றியில் சாம்பல் பூசுகிற விபூதிப் புதன். தபசுகாலம் தொடங்கிவிட்டால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை கலியாணம் கிடையாது. சுவாமியாருக்கு அன்றே அடுத்த ஊரிலும் பூசை இருந்தது.

"கோயில்ல மூண்டாம் மணி அடிக்கேக்குள்ள பொம்பிளை வராட்டில் நான் போயிடுவன்," என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது.

கராஜ்கார உதுமான் நானா குனிந்து பார்த்தார். "ஈயம் பத்தவைக்கோணும் தம்பி. காரை விட்டிட்டுப் போங்கோ."

"வேண்டாம் நானா, நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் என்னை விட்டுவிட்டுக் காரைத்தான் பாவமாகப் பார்த்தார்.

திரும்பும் வழியில், கரையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துவைத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து, காய்ச்சிய குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தார்கள். கடலையே உள்ளே விடாத சாமான், ஒரு வாளித் தண்ணீரையா வெளியே விட்டுவிடப்போகிறது? சட்டியில் மிஞ்சியதைச் சிரட்டையில் வாங்கி வந்தேன். பஞ்சுக்கு அம்மாவின் தலையணை இருந்தது. அடைத்தேன், பூசினேன், தண்ணீர் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் நிலத்தில் ஒரு துளி ஈரமில்லை. எஞ்சினையும் ஓட்டிப் பார்த்திருக்கலாம். பெற்றோல் வீணாகும் என்று ஓட்டவில்லை.

செவ்வாய் காலை எங்களைப் பெற்ற அப்புவும் பிலோமினாவும் பின்னால் ஏறினார்கள். கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் பிலோமினா கேட்டாள்.

"அண்ணை, கோயில் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏன் சாம்பிராணி மணக்குது?"

"கலியாண நாள்தானே, மணக்கும்," என்றேன்.

கொஞ்சத் தூரத்தில் புகையும் வந்தது. இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தேன். குங்கிலியம் உருகி, கொதிக்கிற குழாயில் சொட்டிச் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் முழுவதும் றோட்டில். நாலைந்து கழுதைகள் நின்று பார்த்தன. இரண்டாம் மணி அடித்தது.

"ஓட்டைக்கு என்ன வைச்சனீ?" என்றார் அப்பு.

"குங்கிலியம்."

அப்பு கடலிலே கிடந்து நரைத்தவர். "குங்கிலியம் பூசின வள்ளத்துக்குள்ள ஆராவது அடுப்பு மூட்டுறவனோ?"

பிலோமினா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். என் கெட்டித்தனத்தால் அவள் கலியாணம் நின்றுவிடப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பு அழவில்லை. கரையைப் பார்த்துக் கூப்பிட்டார். கரைவலை இழுத்து முடித்திருந்தவர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். "கார் எண்டு சொல்லிப்போட்டுப் பொம்பிளையை நடத்திக் கொண்டுபோறதோ? கட்டுங்கோடா கயித்தை!" என்றார் அப்பு. அவர்கள் வலை இழுக்கையில் பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடிக்கொண்டு ஓட்டமாக இழுத்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஓட்டுகிறவனைப் போலவே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் மணி அடிக்கையில் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கயிறு, பாட்டு, வாசனைப் புகை எல்லாவற்றையும் கண்டு, ஏதோ புனிதரின் சுரூபம் சுற்றுப்பிரகாரம் வருகிறதென்று இரண்டு கிழவிகள் முழந்தாளிட்டார்கள். சம்மாட்டியார் கயிற்றை மட்டும் பார்த்தார்.

"கரைவலையில பிடிச்செல்லோ கொண்டு வாறாங்கள்!"

சுவாமியார் படியிறங்கி வந்து, கரி படிந்த என் நெற்றியை ஆறுதலாகப் பார்த்தார்.

"தம்பி, விபூதி நாளைக்குத்தான்."

முதலில் சிரித்தவள் பிலோமினா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உதுமான் நானா ஈயம் வைத்தார். குங்கிலியம் சுரண்டியதற்குக் கூலி தனியாக வாங்கினார்.

பிலோமினாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் பெருநாள் பூசையில் தூபக்கலசம் ஆடிச் சாம்பிராணி மணக்கத் தொடங்கியதும், பெண்கள் பக்கத்திலிருந்து அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். என் பக்கத்தில் முழந்தாளில் நிற்கிற அவள் புருசன், கைகூப்பியபடியே என் காதோடு கேட்பார்:

"மச்சான், காருக்குத் தண்ணி பாத்தனீரோ?"