பன்னிரண்டு வருட அமைதி

உயிரே போனாலும் நிலவறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று போன மார்ச்சில் முடிவெடுத்தேன். முடிவை என் மனைவி வினிஃப்ரெட்டிடம் தெரிவிக்கவும் செய்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. என் முடிவுகளுக்கு எங்கள் வீட்டில் உள்ள மரியாதை அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பர்ட்டனில் எங்கள் வீட்டுக்கு அடியில், பதினான்கு படி இறங்கினால், என் பார்லி ஒயின் உறங்குகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பியர்தான். ஆனால் நாலு கிளாஸ் உள்ளே போனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத பியர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு டஜன் வாங்கி, வருஷத்தை எழுதி ஒட்டி, அடுக்கிவைப்பேன். வாங்கிய அன்றே திறந்து குடிக்கிற ஜென்மங்களும் இந்த ஊரில் உண்டு. பிசைந்த மாவை அள்ளித் தின்றுவிட்டு கேக் சாப்பிட்டேன் என்று ஏப்பம் விடுகிற கூட்டம். அவர்களோடு நான் பேசுவதில்லை.

இந்தச் சரக்குக்கு வேண்டியது இருட்டு, குளிர், எல்லாவற்றுக்கும் மேலாக அமைதி. நிலவறையில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பேன். தும்மல் வந்தால் மேலே ஓடிவந்து தும்முவேன்.

வினிஃப்ரெட்டுக்கு அந்த இடம் கைமணி அடிக்க வேண்டுமாம். தேவாலயத்துக் கைமணிக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஒன்பது பெண்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆளுக்கு இரண்டு மணியை ஆட்டுவார்கள். அதற்குச் சங்கீதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேவாலய மண்டபத்தின் கூரை ஒழுக ஆரம்பித்ததும் அந்த ஒன்பது பேரின் கண்ணும் என் நிலவறைமேல் விழுந்துவிட்டது.

"பியர் தூங்குது, வினி. மணியடிச்சா கெட்டுப்போயிடும்."

"உங்க குறட்டைக்குப் பக்கத்துல முப்பது வருஷமா நான் தூங்கல? கெட்டா போயிட்டேன்?"

"நீயும் பார்லி ஒயினும் ஒண்ணா?"

"எப்படி ஒண்ணாகும்? அதைப் பார்க்கப் போகும்போது செருப்பைக் கழட்டிட்டுப் போறீங்க."

சில கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு.

அப்போதுதான் அவள் ஒரு பந்தயம் வைத்தாள். சனிக்கிழமை எங்கள் பியர் சுவைஞர் சங்கம் வீட்டுக்கு வருகிறது. ஐந்து கிளாஸ் ஊற்றித் தருவாளாம். எல்லாம் ஒரே மது ஆலைச் சரக்கு. நாலு கிளாஸ் என் நிலவறையில் வளர்ந்தது, ஒன்று மட்டும் வெளியே வளர்ந்தது. அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் நிலவறை பற்றி ஆயுசுக்கும் பேச மாட்டாள். தவறவிட்டால் சாவி அவளுக்கு. நான் சிரித்தேன். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவள் என் நாக்குக்குப் பரீட்சை வைக்கிறாளே என்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சனிக்கிழமை மதியம் சங்கத்தார் ஆறு பேர் வந்தார்கள். செயலாளர் டிக்பி, பியருக்கான முளைகட்டிய பார்லிக் கிடங்கிலேயே தலை நரைத்தவர். நான் சொல்வதையே சற்று இருமிவிட்டுத் திரும்பச் சொல்வது அவர் வழக்கம். அதனால் அவருடைய ரசனைமேல் எனக்கு மதிப்பு உண்டு.

முதல் கிளாஸ் நன்றாகவே இருந்தது. இரண்டாவது நாக்கில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெலிசு, அவசரம், வளர்ப்புச் சரியில்லை. துப்புவதற்கென்று வைத்திருந்த பக்கெட்டில் துப்பினேன். ஆறு பேரும் துப்பினார்கள். மூன்றாவதற்குத் தலையாட்டினேன்.

நாலாவதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். அத்திப்பழம், கருகிய சர்க்கரை, உலர்ந்த திராட்சை. கண்ணே கலங்கிவிட்டது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐந்தாவதை மரியாதைக்குத் தொட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"நாலாவது பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு. அசையாம, வெயில் படாம, ஒரு சத்தம் கேட்காம கிடந்தாத்தான் இந்த முதிர்ச்சி வரும். என் நிலவறை எதுக்குன்னு கேட்டியே, இதுக்குத்தான். ரெண்டாவதுதான் வெளி ஆள்."

"முடிவா சொல்றீங்களா?" என்றாள்.

"சத்தியமா."

"டிக்பி, எழுதிக்கிட்டீங்களா?"

டிக்பி இருமிவிட்டு, எழுதிக்கொண்டதாகச் சொன்னார்.

அவள் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். இரண்டாவது பாட்டிலில் என் கையெழுத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. நாலாவதில் லேபிள் கிழிந்து, கண்ணாடியெல்லாம் கீறல்.

"மூணு வருஷம் முன்னாடி பாதிரியாருக்குக் குடுன்னு ஒண்ணு குடுத்தீங்களே, அது. குடுக்க மறந்துட்டேன். அன்னிலேர்ந்து என் கார் டிக்கியில மணிப் பெட்டிக்கு அடியில உருண்டுக்கிட்டிருந்தது. எத்தனை ஊர் கச்சேரிக்கு வந்திருக்கு தெரியுமா? ஜூலையில தொட்டாலே சுடும். கலங்கல் அடங்கட்டும்னு போன வாரம்தான் எடுத்து அடுப்புப் பக்கத்துல நிக்க வெச்சேன்."

நான் பக்கெட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அதில் மிதந்தது. அழலாம் போல இருந்தது. டிக்பியாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று திரும்பினால், அந்தத் துரோகி நாலாவது பாட்டிலின் அடியைத் தன் கிளாஸில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இனி சங்கத்துச் சரக்கையெல்லாம் டிக்கியில்தான் வளர்க்க வேண்டும் என்று தீர்மானமும் கொண்டுவந்தார். இந்த முறை இருமவே இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

சாவியைக் கொடுத்தேன். அவள் அதோடு விடவில்லை.

"இனிமே கச்சேரிக்கு நீங்களே காரை ஓட்டிடுங்க. உங்க பியரை வேற யாரையும் நம்பிக் குடுக்க மாட்டீங்களே."

இப்போது நிலவறையில் மணி, டிக்கியில் என் பாட்டில்கள். ஞாயிறுதோறும் கச்சேரி முடிந்ததும் மணிக்காரப் பெண்கள் ஒன்பது பேரும் சங்கத்தார் ஆறு பேரும் காரைச் சுற்றி நின்று ஒரு வருஷத்தைத் திறக்கிறார்கள். அத்தி என்கிறார்கள், திராட்சை என்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது என்பதால், எனக்கு மூடியை மட்டும் முகர்ந்து பார்க்கத் தருகிறார்கள்.