சைனா நைனாவும் தலையில்லாத மீனும்

சீன தேசத்தில் இத்தனை கோடி ஜனங்கள் இருந்தும், சீனச் சமையல் முறையாகத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரே. அவர் ராயபுரத்தில் எங்கள் சந்தில் குடியிருந்தார். இது நான் சொல்வதல்ல, அவரே சொன்னது. சீனர்கள் யாரும் வந்து மறுக்காததால் நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

ஊருக்கு அவர் சைனா நைனா. சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். சரக்குக் கப்பலில் சமையற்கட்டு வேலை பார்த்து, யுத்தம் முடிந்த கையோடு கரைக்கு வந்தவர். கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்தேன் என்று அவர் சொல்வார். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவினார் என்று அவர் மனைவி முனியம்மா சொல்வாள். முனியம்மா மீன் விற்கிறவள். குடும்பம் அவள் கூடையில் நடந்தது. நைனாவின் புகழ் தனியாக நடந்தது.

ஹாங்காங் துறைமுகத்தில் கற்றுக்கொண்டதாகச் சொல்லி அவர் உயிராய்க் கொண்டாடிய பண்டம் ஒன்று உண்டு. மீனையும் இறாலையும் கொத்தி, இஞ்சி, வெங்காயத்தாள், மிளகு சேர்த்துப் பிசைந்து, மைதா மாவுக்குள் வைத்து மூடி, எண்ணெயில் போடாமல் அனலில் சுடுவது. சாப்பாட்டுக்கு முன்னால் பசி கிளம்புவதற்காக அதைத் தின்ன வேண்டுமாம்.

"பசி கெளம்பறதுக்கு ஒரு தீனியா? நம்ம வூட்ல அது தானா கெளம்பிக்கினுதான கீது!" என்பாள் முனியம்மா. சந்தே சிரிக்கும்.

"இவங்களாண்ட ஹாங்காங் விஷயத்த பேச முடியுமா சார்?" என்று நைனா என்னிடம் வந்து நொந்துகொள்வார். நான் துறைமுகத்தில் குமாஸ்தா. தினமும் கப்பலைப் பார்க்கிறவனுக்கு ஹாங்காங் புரியாமல் போகாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

சுடுவதற்கு அடுப்பு வேண்டுமே? முதலில் ரொட்டிக்கிடங்குக்காரரைத் தாஜா செய்து, ரொட்டி வெந்து முடிந்த சூட்டில் தம் தட்டை உள்ளே தள்ளினார். மறுநாள் அங்கே சுட்ட பன் எல்லாவற்றிலும் இறால் மணம். ராயபுரத்துக்காரர்கள் ஒரு வித்தியாசமும் தெரியாமல் தின்றுவிட்டார்கள். யானைக்கவுனியிலிருந்து சுத்த சைவ வியாபாரி ஒருவர் பன்னும் கையுமாக வந்து நின்றபோதுதான் விஷயம் வெடித்தது. ரொட்டிக்காரர் நைனாவின் தட்டைத் தெருவில் வீசினார்.

பிறகு மண்ணெண்ணெய் டின்னில் கடற்கரை மணலைக் கொட்டி, அதற்குள் பிஸ்கட் டின்னை இறக்கி, மேலும் கீழும் கரி போட்டுத் தாமே ஓர் அடுப்பு செய்தார். ஆவி போவதற்குத் துவாரம் விட மறந்துவிட்டார். மூடி பறந்து வந்து எங்கள் வீட்டுக் கூரையில் ஓடுகளைப் பெயர்த்தது. நியாயம் கேட்கப் போன என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சூடு கரீட்டா புட்சிகிச்சு சார்!" என்றார்.

இதெல்லாம் சந்தோடு போயிருக்கும். மகள் பாக்கியத்தைப் பெண் பார்க்கக் காலடிப்பேட்டையிலிருந்து வருகிறார்கள் என்றதும் நிலைமை முற்றியது. பையன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், எனக்கும் தெரிந்தவன். திருவொற்றியூர்த் தேர்த் திருவிழாவில் பார்த்து, அவனும் பாக்கியமும் மனசுக்குள் முடிவே செய்துவிட்டார்கள். பெரியவர்களின் சம்மதம்தான் பாக்கி. அதற்கு அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சம்மதம் என்றால் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள்.

"நைனா, அம்மா வஞ்சரம் கொழம்பு வெக்கட்டும். இந்த ஒரு நாளு சைனா வாணாம்" என்று பாக்கியம் கெஞ்சினாள்.

"ஊரே வெக்கற கொழம்ப வெக்கறதுக்கா நான் அம்மாந்தூரம் போய் வந்தேன்? நீ சும்மா இரு. துன்னுட்டு அசந்துருவாங்க."

நல்ல கொடுவா மீன்களாகப் பார்த்து வாங்கினார். தலைகளை வெட்டி முனியம்மாவிடம் தள்ளிவிட்டு வேலையில் இறங்கினார். சீனாக்காரர்கள் ஊற்றும் கறுப்புச் சாறு கிடைக்காததால், புளியையும் வெல்லத்தையும் கருகக் காய்ச்சினார். நிறம் மட்டும் பிரமாதமாக வந்தது. மேலே எள் தூவினார். நல்ல காரியத்தில் எள்ளா என்று முனியம்மா அலறி, ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி உதறினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பையனைத் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பையனின் தாயார் மீன் ஏலம் எடுத்தே தலை நரைத்தவள். ஒன்றை எடுத்துப் பிட்டாள், முகர்ந்தாள், இலையில் வைத்துவிட்டாள்.

"இது இன்னா?"

"மீனுதாம்மா. கொடுவா. ஹாங்காங்குல கவர்னருங்கோ துன்றது."

"மீனுன்னா தல எங்க?"

நைனா விழித்தார். கப்பலிலேயே காலத்தைக் கழித்தவர் கரைச் சங்கதியை மறந்துவிட்டிருந்தார். மீனைக் கொத்தி மாவுக்குள் மூடினால் அந்தக் கடற்கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கெட்டுப்போன மீன். கண்ணையும் செவுளையும் காட்டாத மீனை அங்கே பூனைகூட யோசித்துத்தான் தொடும்.

"அங்கல்லாம் தலய பாக்க மாட்டாங்கம்மா..." என்று இழுத்தார்.

"நாங்க பாப்போம். மீனையே மூடி மறைக்கிற வூட்ல இன்னான்னு நம்பி பொண்ணு எடுக்கறது?" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். பையன் பாவம், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது உள்ளேயிருந்து பாக்கியம் வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் மண்சட்டி. சட்டி நிறையக் கொடுவாத் தலைகள். ராத்திரிக் குழம்புக்கென்று முனியம்மா எடுத்து வைத்திருந்தவை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எந்தப் பெண்ணும் அப்படி வந்து நின்றிருக்க மாட்டாள். சட்டியை அந்த அம்மாள் காலடியில் வைத்தாள்.

"இந்தாங்க அத்தே, தல. நீங்களே பாத்துக்கோங்க. எங்க நைனா கொஞ்சம் கிறுக்குதான். ஆனா ஏமாத்து வேல தெரியாது."

அந்த அம்மாள் குனிந்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கினாள். செக்கச்செவேல் என்றிருந்தது. கண்ணை அழுத்திப் பார்த்தாள். பாக்கியத்தையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, பிட்டு வைத்ததை எடுத்து வாயில் போட்டாள். நாங்கள் எல்லோரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவசரமே இல்லாமல் மென்றாள்.

"உப்பு பத்தல" என்றாள். "இன்னொண்ணு குடு."

அவ்வளவுதான். முனியம்மா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். வந்தவர்கள் தட்டைத் துடைத்துத் தின்று, சொம்புத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

இனி ஒரு வருஷத்துக்கு நைனாவின் வாயை மூட முடியாது என்று நினைத்துக்கொண்டு நானும் எழுந்தேன். பாக்கியம் காலித் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் எட்த்து வெக்கலியா நைனா?"

அந்த வீட்டில் அதை ஆசைப்பட்டு ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. நைனா பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்து, மிச்ச மீனை வைத்து மூடி, அந்த ஒன்றுக்காக டின்னில் திரும்பவும் கரி போட்டு விசிற ஆரம்பித்தார். கட்டின பட்டுப் புடவையோடு அவளும் பக்கத்தில் குந்திக்கொண்டாள். ஹாங்காங்கைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

வெந்ததும் துண்டால் பிடித்து எடுத்து அவள் கையில் வைத்தார். "சூடா கீது, ஊதித் துன்னும்மா" என்றார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.